கேள்வி-பதில்: செக் பாதியில் நின்றால் டிஸ்க் போச்சு என்று அர்த்தமா?

கேள்வி: வீட்டில் ஒரு சின்ன நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) வைத்திருக்கிறேன். 256 எம்பி ரேம், உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க். ஒருநாள் கரண்ட் போய் வந்ததிலிருந்து டிஸ்க்கை செக் செய்யச் சொல்கிறது. செய்தால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது, உள்ளே லாகின் செய்து கையால் ஓட்டினால் 'மெமரி அலொகேஷன் ஃபெயில்ட்' என்று வருகிறது. கடையில் கேட்டதற்கு டிஸ்க் போய்விட்டது, புதுசு போடுங்கள் என்கிறார்கள். பத்து வருடப் படங்கள் அதில் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். அந்தச் செய்தி டிஸ்க்கைப் பற்றியதே இல்லை. செக் செய்யும் புரோகிராமுக்கு வேண்டிய ரேம் உங்கள் பெட்டியில் இல்லை, அவ்வளவுதான். சில பெட்டிகளில் இதே கோளாறு வெறும் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். அப்போது கர்னல் லாகை, அதாவது லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவைப் பார்த்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கும்.

ஏன் இவ்வளவு ரேம் கேட்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) டிஸ்க்கைப் பெரும்பாலும் 4 கேபி பிளாக்குகளாகப் பிரிக்கிறது, 4 டிபியில் அப்படிச் சுமார் 98 கோடி பிளாக் வரும். ஒவ்வொன்றும் காலியா, யாருக்காவது சொந்தமா என்று குறிக்க ஒரு பிட் வைத்தாலே ஒரு வரைபடத்துக்குக் கிட்டத்தட்ட 120 எம்பி ஆகிறது. புரோகிராமுக்கு அப்படி ஒன்று போதாது, டிஸ்க்கில் எழுதியிருப்பது ஒன்று, தானே எண்ணிப் பார்த்தது ஒன்று, இரண்டையும் ஒப்பிட வேண்டும். எக்ஸ்ட்4-ஐ செக் செய்யும் புரோகிராமின் பெயர் இ2எஃப்எஸ்சிகே, 2011-ல் வந்த அதன் 1.42 பதிப்பிலிருந்து இந்த வரைபடங்களைச் சுருக்கி வைக்கும் வழி வந்துவிட்டது, ஆனால் பழைய பெட்டிகள் பலவற்றில் அதற்கும் முந்தைய பதிப்புதான் உட்கார்ந்திருக்கும். இ2எஃப்எஸ்சிகே-வை பெரிய எழுத்து 'வி' தேர்வோடு ஓட்டினால் உங்களிடம் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. தினமும் ஹார்ட் லிங்க் முறையில் (மாறாத ஃபைலை நகலெடுக்காமல் அதற்கு இன்னொரு பெயர் மட்டும் கொடுக்கும் முறை) பேக்கப் எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாறாத ஃபைல் இடத்தைத் தின்னாது, சரிதான், ஆனால் ஃபோல்டர்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக உருவாகும், ஒவ்வொரு ஃபைலுக்கும் எத்தனை பெயர் என்ற கணக்கும் வளரும், செக் ஓடும்போது இதெல்லாம் ரேமில் இருந்தாக வேண்டும்.

சரி, வழி என்ன? முதலில் டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தைப் பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லாமல், அதுவும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு இருந்தால், அப்போதுதான் கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த நிலையில் செக் ஓட்டவே கூடாது, டிடி-ரெஸ்க்யூ என்ற புரோகிராம் போட்டு வேறு டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்துவிட்டு நகலில்தான் கை வைக்க வேண்டும்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால், என் கணிப்பில் ஆகச் சிறந்த வழி அதைக் கழற்றி ரேம் அதிகமுள்ள ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, பென் டிரைவிலிருந்து ஓடும் 64-பிட் லினக்ஸில் செக் செய்வது. புது பதிப்பு, நிறைய ரேம், வேகமும் கூட. விண்டோஸ் உள்ள மெஷினில் மாட்டினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும், தயவு செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள், படங்கள் தொலைவது பல பேருக்கு இந்த இடத்தில்தான். ஒற்றை டிஸ்க் பெட்டியாக இருந்தாலும் உள்ளே ரெய்டு அடுக்கு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு) ஒன்று இருக்கலாம், முதலில் எம்டிஏடிஎம் என்ற லினக்ஸ் கருவி கொண்டு அதைச் சேர்த்துவிட்டு, அதன் மேல்தான் செக் ஓட வேண்டும்.

கழற்ற முடியாது என்றால் ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது வேறொரு டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. யுஎஸ்பியில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, அதில் 2 ஜிபி அளவுக்கு ஸ்வாப் பார்ட்டிஷன் போட்டு இயக்குங்கள். பென் டிரைவும் வேலை செய்யும், ஆனால் மெதுவாகப் போகும், அவசரத்துக்கு மட்டும். செக் செய்யப்போகும் அதே வால்யூமில் ஸ்வாப் ஃபைல் வைக்க வழியில்லை, ஏனென்றால் அந்த வால்யூமை அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஓடும்போது யுஎஸ்பி ஒயரை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திருத்தும் வேலை பாதியில் அறுந்துபோகும். பெட்டி 32-பிட் என்றால் எவ்வளவு ஸ்வாப் கொடுத்தாலும் ஒரு புரோகிராமுக்கு 3 ஜிபி சுற்றளவுதான் எட்டும், அதற்கு மேல் கொடுத்துப் பயனில்லை. அப்படியும் போதவில்லை என்றால் இ2எஃப்எஸ்சிகே-வின் கான்ஃப் ஃபைலில் 'ஸ்க்ராட்ச் ஃபைல்ஸ்' பகுதியில் வேறொரு டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரைக் காட்டினால் மேலே சொன்ன ஃபோல்டர் கணக்கையும் லிங்க் கணக்கையும் ரேமுக்குப் பதில் அங்கே எழுதிக்கொள்ளும். ரொம்பப் பொறுமை வேண்டும், நாள் கணக்கில் கூட ஓடலாம்.

எந்த வழியானாலும் மீடியா சர்வர், டவுன்லோடர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வால்யூமை அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மவுண்ட் ஆகியிருக்கும்போது ஓட்டினால் செக் புரோகிராம் எச்சரித்துக் கேட்கும், 'ஆம்' என்று சொன்னால் நல்ல டிஸ்க்கும் கெட்டுப்போகலாம். முதல் முறை சின்ன எழுத்து 'என்' தேர்வோடு ஓட்டுங்கள், எதையும் எழுதாமல் படித்து மட்டும் சொல்லும். அப்புறம் நிஜமாகத் திருத்தும்போது பெரிய எழுத்து 'சி 0' தேர்வையும் சேர்த்தால் எத்தனை சதவீதம் ஆனது என்று தெரியும். மொத்தம் ஐந்து கட்டம், முதல் கட்டம்தான் நேரம் பிடிக்கும். நகராமல் நிற்பது போலிருந்தால் டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள், மினுக்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பெட்டியில் எக்ஸ்ட்4 இல்லை, எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். செக் செய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினால் ஒரு நொடியில் முடிந்து ஒன்றும் தப்பில்லை என்கிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். எக்ஸ்எஃப்எஸ்-க்கு உள்ள எஃப்எஸ்சிகே எதையும் சோதிக்காமலே வெற்றி என்று திரும்பிவிடும், அதை எழுதியதே அப்படித்தான். உண்மையான வேலை எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேரில் இருக்கிறது. முதலில் ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்யுங்கள், லாகில் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் இடம்) பாக்கி இருப்பது டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். ரேம் குறைவு என்றால் 'எம்' தேர்வில் எத்தனை எம்பிக்குள் நிற்க வேண்டும் என்று சொல்லலாம், பெரிய எழுத்து 'பி' போட்டால் முன்கூட்டியே படிப்பதை நிறுத்திக்கொள்ளும். பெரிய எழுத்து 'எல்' லாகையே அழித்துவிடும், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கேள்வி: புது நாஸ் வாங்கப்போகிறேன். இந்தத் தொல்லை வராமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அட்டைப்பெட்டியில் 'இத்தனை டிபி வரை' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது மாட்டினால் தெரியும் அளவு. அத்தனை டிபியையும் அந்தப் பெட்டியே செக் செய்து முடிக்குமா என்பது வேறு கேள்வி, அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ரேம் போர்டிலேயே ஒட்டியதா, பின்னால் கூட்ட முடியுமா? பிராசஸர் 64-பிட்டா? டிஸ்க்கைக் கழற்றிச் சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்குமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், சில பெட்டிகள் 64 கேபி பிளாக்கில் ஃபார்மட் செய்கின்றன, ரேமை 4 கேபி பேஜ்களாகப் பிரித்து ஓடும் வழக்கமான கர்னல்கள் பல அதை மவுண்ட் செய்யவே மறுத்துவிடும். 512 எம்பி ரேம் உள்ள பெட்டியில் 8 டிபி போட நான் சம்மதிக்க மாட்டேன்.

வாங்கியதும் காலி டிஸ்க்கில் செக் ஓட்டித் திருப்திப்படாதீர்கள், அது எந்தப் பெட்டியிலும் சுலபமாக முடியும். உங்கள் ஃபைல்களை எல்லாம் ஏற்றி, பேக்கப்பையும் சில நாள் ஓடவிட்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு முழு செக் ஓட்டிப் பாருங்கள். பழைய டிஸ்க்கை அதுவரை அழிக்க வேண்டாம்.