கறுப்புத் தோலில் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தால் கட்டி எதுவென்று தெரியுமா?

கேட்டவரின் அம்மாவுக்கு உள்ளங்காலில் ஒரு கருந்திட்டு. தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் என்கிற சின்ன லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பலாம் என்றாராம். "நாங்கள் எல்லோரும் நல்ல கறுப்பு, இந்த லென்ஸில் அப்படி என்ன தெரிந்துவிடும்?" என்பது கேள்வி.

தெரியும். ஆனால் பார்ப்பவர் நம் ஊர்த் தோலைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். நான் தோல் டாக்டர். படிக்கிற காலத்தில் பாடப்புத்தகப் படங்களில் பார்த்த தோல் பெரும்பாலும் ரோஸ் நிறம். அதை மனப்பாடம் செய்துகொண்டு ஓபியில் உட்கார்ந்தால் பாதி விஷயம் பொருந்தவில்லை. 'சிவந்திருக்கும்' என்று புத்தகம் சொன்ன இடம் நம்மவர்களிடம் பழுப்பாகவோ ஊதாவாகவோ இருந்தது. மெல்லிய ரத்தக்குழாய்கள் கறுப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டன. முதல் சில மாதம் சாதாரண மச்சத்தைப் பார்த்தெல்லாம் பயந்திருக்கிறேன்.

கருவி பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதைச் சுற்றி விளக்கு. தோலின் மேற்பரப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற பளபளப்பைக் குறைத்துவிட்டால் உள்ளே இருப்பது தெரியும். அதற்கு ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லைக் கொஞ்சம் தடவுவோம், அல்லது போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்ப்போம். அப்புறம் நிறத்தைப் படிக்க வேண்டும். தோலுக்கு நிறம் தருவது ஒரே மெலனின் என்கிற நிறமிதான். மேலே இருந்தால் கறுப்பு, சற்றுக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே சாம்பல், ஆழத்தில் நீலம். கையில் ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிகிறதே, உள்ளே ஓடும் ரத்தம் பச்சையா என்ன? கிட்டத்தட்ட அதே கதை. ஆகவே 'கறுப்பாக இருக்கிறது' என்பது எங்களுக்குத் தகவலே இல்லை. எந்த ஆழத்தில், என்ன வடிவத்தில் என்பதுதான் கேள்வி.

நான் தடுமாறிய ஒன்றைச் சொல்கிறேன். மூக்கோரத்தில் மிளகளவு கருப்பு முண்டோடு ஒரு பாட்டி வந்தார். வீட்டில் மரு என்று சொல்லி சுண்ணாம்பு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெறுங்கண்ணால் பார்த்து நானும் வயதானால் வருகிற மரு என்றுதான் நினைத்தேன். லென்ஸை வைத்தேன். அந்த வகை மருவில் பொதுவாகத் தெரியும் வெள்ளைப் பொட்டுகளும், அழுக்கு அடைத்த குழிகளும் இல்லை. மச்சத்தில் இருக்கும் பழுப்பு வலையும் இல்லை. நீலச்சாம்பல் நிறத்தில் முட்டை முட்டையாகச் சில உருண்டைகள், ஓரத்தில் இலை விரிந்த மாதிரி பழுப்புத் திட்டு. பயாப்சியில் பேசல் செல் கார்சினோமா. வெள்ளைத் தோலில் இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் முத்து மாதிரி மினுமினுத்து, மேலே ரத்தக்குழாய் கிளைவிட்டு ஓடும். நம்மிடம் பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம், மரு என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இது வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கை அரித்துக்கொண்டே போகும். பாட்டிக்கு அறுவை சிகிச்சையோடு சரியாகிவிட்டது. (கன்னத்தில் மிளகு தூவின மாதிரி சின்னச் சின்னதாகக் கறுப்பு மரு வருமே, பல பெண்களுக்கு அம்மாவிடமிருந்தே வரும். அது வேறு, கெடுதல் இல்லாதது. யாரும் பயந்துவிட வேண்டாம்.)

சரி, உள்ளங்காலுக்கு வருவோம். கறுப்பு நிறத்தவருக்கும் உள்ளங்கால் வெளிறித்தான் இருக்கும். அதனால் முகத்தைவிட அங்கே லென்ஸுக்கு வேலை சுலபம். கைரேகை போலக் காலிலும் ரேகை உண்டு: வயலில் வரப்பும் வாய்க்காலும் மாதிரி. வியர்வைத் துளைகள் வரப்பின் மேல் முத்துக் கோத்தாற்போல வரிசையாக வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், அதை வைத்து எது வரப்பு என்று கண்டுபிடிப்போம். சாதுவான மச்சத்தில் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் நிற்கும். மெலனோமாவில், அதாவது நிறமி செல்களில் வரும் தோல் புற்றுநோயில், வரப்பின் மேல் ஏறும். இதைப் படித்து வகுத்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள், ஏனென்றால் அவர்கள் நாட்டிலும் மெலனோமா அதிகம் வருவது பாதத்தில்தான். எது வரப்பு என்று குழம்பினால் மார்க்கர் பேனாவால் தீற்றித் துடைப்போம். மை வாய்க்காலில் தங்கிவிடும்.

ஆனால் நம்மிடம் இந்த விதியும் அப்படியே செல்லாது. கறுப்பு நிறத்தவர் பலருக்கு இரண்டு பாதத்திலும் பழுப்புத் திட்டுகள் இயல்பாகவே இருக்கும், அவற்றில் சில வரப்பின் மேலும் ஏறி நிற்கும். செருப்பு கடித்து உள்ளே கசிந்த ரத்தமும் அதே மாதிரி ஏமாற்றும். பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டினால் அது போய்விடும், நிறமி போகாது. சாதுவானது என்று உறுதியாகச் சொல்ல முடியாத திட்டு 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் பயாப்சி எடுப்பது வழக்கம். வரப்பின் மேல் நிறம் தெளிவாக ஏறியிருந்தால் அளவைக்கூடப் பார்க்காமல் எடுப்போம். உங்கள் டாக்டர் கேட்டதும் இந்தக் கணக்கில்தான் இருக்கும். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை, தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது என்பவர்களுக்கு நான் ஜமைக்கா பாடகர் பாப் மார்லியைச் சொல்வேன். 1977இல் கால் கட்டைவிரலில் கண்டுபிடித்த மெலனோமா, பந்து விளையாடியபோது பட்ட அடி என்று முதலில் நினைத்தது. 1981இல் 36 வயதில் இறந்தார். நகத்தில் கறுப்புக் கோடு நம்மிடம் சகஜம், பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் இயல்புதான். ஒரே விரலில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றிய தோலிலும் கறை ஏறினால் உடனே காட்ட வேண்டும்.

அம்மாவை அழைத்துப் போகும்போது காலில் மருதாணி, நகத்தில் பாலிஷ் வேண்டாம். பழைய செல்போன் படம் எதிலாவது அந்தத் திட்டு விழுந்திருந்தால் எடுத்துப் போங்கள், அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க உதவும். அப்புறம், திட்டு இல்லாத காலையும் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவின் இயல்பான தோல் எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பிடிபடும்.