பிறக்கும்போதே குற்றவாளியா?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 90 தாண்டிவிட்டது. அவர் சிறுமியாக இருந்தபோது ஊர் ஆம்பளைகள் ராத்திரி வீட்டில் படுக்க முடியாதாம், ஸ்டேஷனுக்கோ சாவடிக்கோ போய்த்தான் படுக்க வேண்டுமாம். ‘ரேகைச் சட்டம்’ என்கிறார். திருடினதால்தானே சட்டம் போட்டிருப்பார்கள் என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: அப்பத்தா சொல்வது நிஜம். அவர் ரேகைச் சட்டம் என்பது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. அது 1871-ல் வட இந்தியாவில் வந்தது, 1911-ல் மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியையே குற்றக் கூட்டம் என்று அரசு அறிவித்துவிட்டால் போதும், அது சரியா தவறா என்று கோர்ட்டில்கூடக் கேட்க முடியாது. பத்து விரலையும் மையில் உருட்டி ரேகை எடுப்பார்கள், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். திருடினாரா இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

உங்கள் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் காவல் பார்த்ததே இந்தச் சட்டத்தில் சிக்கிய கள்ளர் சாதிக்காரர்கள்தான். காவலுக்குக் கூலி உண்டு, களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் துப்புக்கூலி உண்டு. வெள்ளைக்காரன் போலீசைக் கொண்டு வந்ததும் அதே காவல் கூலி மிரட்டிப் பறிக்கிற பணமாக எழுதப்பட்டது. களவே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நடந்தது. ஆனால் களவாடியது சிலர், ரேகை வைத்தது எல்லோரும். ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1963-ல் எழுதினார்: ஒரு செயலைக் குற்றமாக்குவது அந்தச் செயல் மட்டுமல்ல, அதன்மேல் முத்திரை குத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதும்தான். இங்கே செயலே இல்லாமல், பிறந்த குழந்தையின் மேலேயே குத்தினார்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கேள்வி: சட்டம்தான் போய்விட்டதே, அப்புறம் ஏன் எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் எங்கள் குடியிருப்புக்கே வருகிறது?
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. மதராஸில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் ரத்தானது. ஆனால் 1948-லேயே இங்கே வழக்கக் குற்றவாளிகளுக்கான, அதாவது திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான சட்டம் ஒன்று வந்துவிட்டது. இது தனி ஆளுக்குத்தான் என்று ஏட்டில் இருந்தாலும் யாரைக் கண்காணிப்பது என்று வரும்போது பழைய பட்டியல்தான் போலீசுக்கு ஞாபகம் வந்தது. நாம் சாதாரணமாகத் திட்டுகிற ‘கேடி’ என்ற சொல்லே ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து வந்ததுதான், ‘நோன் டிப்ரடேட்டர்’ (Known Depredator, தெரிந்த கொள்ளைக்காரன்) என்பதன் சுருக்கம்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து செய்தபோது, சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட சாதியினரை, காரணமில்லாமல் கைது செய்யக்கூடாது என்றும் போலீசுக்குச் சொன்னது. அடுத்த முறை விசாரணை என்று கூப்பிட்டால் என்ன வழக்கு, என்ன ஆதாரம் என்று கேளுங்கள், இந்தத் தீர்ப்பையும் சொல்லுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள்.