நலமாக இருக்கும் நாட்களில் எங்கே போகிறாய்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 19. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாள்தோறும் பேருந்தில்தான் போய் வருகிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போதே மாதவிடாய் நாட்களில் எழுந்து நிற்க முடியாத அளவுக்கு வலி இருந்தது. வாந்தி வரும், இடுப்பிலிருந்து தொடை வரை இழுக்கும். பாட்டி மோரில் வெந்தயமும் பெருங்காயமும் கலந்து கொடுப்பார். அம்மா, 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, நான் யாரிடம் போய்ச் சொன்னேன்?' என்பார். முதலில் பார்த்த மருத்துவர், ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சென்ற ஆண்டு வேறொரு மருத்துவர்தான் இடது சினைப்பையில் நான்கு சென்டிமீட்டர் அளவுக்குப் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி' இருப்பதைக் கண்டுபிடித்து, இது எண்டோமெட்ரியோசிஸ் என்று சொன்னார். அதற்காக டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு மாதவிடாய் நின்றிருக்கிறது, வலியும் முன்பு போல் இல்லை. ஆனாலும் திடீரென்று சில நாட்களில் வருகிறது, உடம்பு அசந்து போகிறது.

என் வருத்தம் நோயைப் பற்றியது மட்டும் அல்ல. என்னை யாருமே புரிந்துகொள்வதில்லை. முதலாண்டில் ஒருநாள் ஆய்வகத்தில், ஒரு கரைசலில் இன்னொன்றைத் துளித்துளியாக விட்டு அளவிடும் டைட்ரேஷன் சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். கூம்புக் குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றப்போகும் அந்தக் கடைசித் துளிக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் வலி சுண்டி இழுத்தது. பியூரெட்டின் திருகை மூட முடியாமல் கை தளர்ந்துவிட்டது, குடுவை முழுவதும் அடர்சிவப்பாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை, 'கவனம் எங்கே இருக்கிறது? மறுபடியும் முதலிலிருந்து செய்' என்றார். மேல்நிலைத் தேர்வில் 600க்கு 571 மதிப்பெண் வாங்கியவள் நான். என்னைப் பார்த்துக் கவனம் இல்லாதவள் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

வகுப்பில் எனக்கு நெருங்கிய தோழி ஒருத்தி இருந்தாள். முதல் பருவத்தில் என் குறிப்பேட்டை வாங்கித்தான் அவள் படித்தாள். இப்போது அவள்தான் வகுப்பில் முதலிடம். நான் வராத நாட்களின் பாடங்களைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தவள், இரண்டு மாதங்களாக அனுப்புவதில்லை. கேட்டால், 'நீ எப்போது நிஜமாகவே முடியாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை' என்கிறாள். ஒருநாள் என்னை நேரு வீதியில் பார்த்தாளாம். வலி உள்ளவள் வீதியில் நடக்கவே கூடாதா? வகுப்பு ஆசிரியை, வருகைப்பதிவு 68 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, தேர்வு எழுத முடியாமல் போகும் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். காய்ச்சல் என்றுதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த நோயை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அப்பா சிப்காட்டில் வேலை பார்க்கிறார். ஸ்கேன் செலவு, மாத்திரைச் செலவு எல்லாம் மறுக்காமல் கொடுக்கிறார், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெரியம்மா வந்தால், படிப்பு முடியும் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்.

சில நாட்களில் வலி இல்லாவிட்டாலும் புதுச்சேரி வரை வந்துவிட்டுக் கல்லூரிக்குப் போகாமல் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எதையாவது படித்துக்கொண்டிருந்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுகிறேன். அது வேறு கதை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இப்படிப்பட்ட நோயை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட மனிதர்களின் நடுவில், நான் எப்படிப் படிப்பை முடிப்பது? என் குறிப்பேட்டை வாங்கிப் படித்தவளே என்னை நம்பவில்லை என்றால் வேறு யார் நம்புவார்கள்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மகள், கடலூர்.


அன்பு மகளுக்கு,

உன் வலியை நான் நம்புகிறேன். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் வயிற்றின் உள்ளுறையிலும் படிந்து, அங்கே அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கும் நோய் இது. கருவுறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும், வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயின் பெயர் தெரியவருவதும் உனக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. கட்டியின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேரான பொருத்தம் கிடையாது, ஆகவே 'நாலு சென்டிமீட்டருக்கு இவ்வளவு வலியா' என்று கேட்பவருக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெரியம்மா சொல்வதையும் இங்கேயே முடித்துவிடலாம்: திருமணமோ பிள்ளைப்பேறோ இதற்கு மருந்து அல்ல. நோயைத் தீர்ப்பதற்காகவே கருவுறும்படி எந்தப் பெண்ணுக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவச் சங்கம் ஒன்று 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் எழுதியே வைத்திருக்கிறது.

இனி, 'அது வேறு கதை' என்று நீ ஒதுக்கிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். ஆசிரியை, தோழி, அப்பா, பெரியம்மா என்று நீ அடுக்கியிருக்கும் குறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆறுதல் சொல்ல என்னால் முடியும். சொன்னால் இந்தப் பருவம் முடிவதற்குள் நீ இன்னொரு கடிதம் எழுதுவாய். வலி இல்லாத நாளில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம்தான் நான் பேச விரும்புகிறேன்.

வலி வந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் போகாமல் இருக்கிறாயோ என்று முதலில் நினைத்தேன். ஆய்வகத்தில் ஒருமுறை அப்படி அவமானப்பட்டவளுக்கு அந்த அச்சம் இயல்பானது. ஆனால் அந்த அச்சம் உள்ளவள் வெந்நீர்ப் பை இருக்கும் வீட்டை விட்டு நகர மாட்டாள். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போகும் காலைநேரப் பேருந்தின் நெரிசலில் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் மர நாற்காலியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க மாட்டாள். நீ உட்காருகிறாய், மாலை வரை உட்காருகிறாய், அதுவும் படித்துக்கொண்டு உட்காருகிறாய். அந்த நாட்களில் உன் உடல் உன்னைக் கைவிடவில்லை. நூலகத்தில் இல்லாத எதுவோ கல்லூரியில் இருக்கிறது, அதைத்தான் நீ தவிர்க்கிறாய்.

அது என்ன என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். 571 என்ற எண்ணையும், முதலிடத்துக்கு வந்த தோழியையும், அவள் வாங்கிப் படித்த உன் குறிப்பேட்டையும் எழுதும்போது உன் எழுத்தில் இருக்கும் சூடு, வாந்தியையும் இடுப்பு வலியையும் எழுதும்போது இல்லை. மாத்திரை தொடங்கிய பிறகு வலி குறைந்திருப்பதாக எழுதுகிறாய், வருகைப்பதிவோ அதன் பிறகுதான் சரிந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் மறுத்துக்கொள். வலியோடு போய்க் குறைந்த மதிப்பெண் வாங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது, பள்ளியில் முதலாவதாக நின்ற பெண் இன்னும் உள்ளே பத்திரமாக இருக்கிறாள், நோய்தான் அவளை மறைத்து வைத்திருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். வலி இல்லாத நாளில் வகுப்புக்குப் போய், தவறவிட்ட பாடம் புரியாமல் விழித்து, தோழி பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தால், அதற்கு நோயைக் காட்ட முடியாது. அந்த நாளைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. ஆகவே உன் நல்ல நாட்களையும் சேர்த்து நோயின் கணக்கில் எழுதிவிடுகிறாய்.

இதை நான் சோம்பல் என்று சொல்லவில்லை, நடிப்பு என்றும் சொல்லவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் யாரும் நம்பாத வலியைச் சுமந்தவளுக்குக் கைவசம் இருந்த ஒரே மரியாதை மதிப்பெண்தான், அதைப் பாதுகாக்க நீ கண்டுபிடித்த வழி இது. வழி தவறு என்பதற்கு உன் வருகைப்பதிவே சாட்சி. இந்த நோயோடு படிப்பவர்கள் எல்லாரும் முதலிடம் வாங்கிக் காட்ட வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. இந்தப் பருவத்தில் நீ 60 சதவீதம் வாங்குகிற சாதாரண மாணவியாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாதாரண மாணவி பட்டம் வாங்குவாள், மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பாள், கட்டியின் அளவைக் குறித்த நாளில் போய்ப் பரிசோதித்துக்கொள்வாள். அவளை நீ ஏன் இவ்வளவு வெறுக்கிறாய் என்பதை அடுத்த முறை நூலகத்துக்குத் திரும்பும் திருப்பத்தில் உன்னிடமே கேட்டுப் பார்.

தோழியின் பக்கம் எனக்குச் சற்றுச் சாய்வு இருப்பதை மறைக்க மாட்டேன். வலி உள்ளவள் வீதியில் நடக்கலாம், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அன்றைக்கு உனக்கு வலி இருந்ததா என்பதை மட்டும் நீ கடிதத்தில் எழுதவில்லை. ஓராண்டுக்கும் மேலாக உனக்காகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியவள், முடியாமல் படுத்திருப்பதாகச் சொன்னவளைக் கடைவீதியில் பார்த்தால் என்ன நினைப்பாள்? 'நிஜமாகவே முடியாமல் இருப்பது எப்போது' என்று அவள் கேட்டது உன் நோயைச் சந்தேகித்து அல்ல, உன் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல். வகுப்பு ஆசிரியையும் அப்படித்தான். எல்லார் முன்னிலையிலும் சொன்னது அவருடைய தவறு, அதை அவரிடம் நீ சொல்லவும் செய்யலாம். ஆனால் மாதந்தோறும் காய்ச்சல் என்று கேட்டுவந்தவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் எப்படிப் புரியும்? நீ சொல்லாத நோயை அவர் புரிந்துகொள்ளவில்லை என்று அவர்மீது வருத்தப்படுவது முறையல்ல. அப்பாவைப் பற்றிய வரியையும் இன்னொரு முறை படித்துப் பார். மகளின் மாதவிடாய் நோயைப் பற்றி மகளிடமே கேட்க வார்த்தை கிடைக்காமல், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகிற தகப்பன்மார் நம் ஊரில் ஏராளம். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், இரவு உணவு முடிந்த பிறகு, மருத்துவர் சொன்னதை நீயே அவருக்கு விளக்கிச் சொல். பக்கத்தில் அம்மாவும் இருக்கட்டும்; இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, 'நான் யாரிடம் போய்ச் சொன்னேன்' என்ற அவருடைய கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் கழித்தாவது ஒருவர் காதுகொடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. டைனோஜெஸ்ட் எடுத்துக்கொள்ளும் சிலருக்கு மனச்சோர்வு ஏற்படுவது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் ஒன்று. மாத்திரை தொடங்கிய பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் போனது, தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் அழுகை வந்தது என்று ஏதாவது இருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல். நீயாக மாத்திரையை நிறுத்தாதே. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எந்த நேரத்தில் தலைகாட்டினாலும் டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வருகைப்பதிவுக்கு வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் பொதுவாக 75 சதவீதம் கேட்டாலும், மருத்துவச் சான்று இருந்தால் ஓரளவு குறைவைப் பொறுத்துக்கொண்டு தேர்வு எழுத விடும் விதி பெரும்பாலானவற்றில் உண்டு. கேரளத்தில் 2023ஆம் ஆண்டில் மாதவிடாயை முன்னிட்டே மாணவியருக்கு 73 சதவீதம் போதும் என்று அறிவித்தார்கள். உன் கல்லூரியில் அப்படித் தனி விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவச் சான்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் 68 இன்னும் இறங்கினால் எந்தச் சான்றும் காப்பாற்றாது. ஆகவே வலி இல்லாத நாளில் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கு, பாடம் புரியாவிட்டாலும் உட்கார்ந்திரு. தோழியிடம், நேரு வீதியில் அவள் பார்த்த அன்று உண்மையில் வலி இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லிவிடு. அதற்குப் பிறகு குறிப்புகளைக் கேள்.

மருத்துவரிடம் கல்லூரிக்கான கடிதம் கேட்கும்போது, 'ஓய்வு தேவை' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் அதோடு வந்துவிடாதே. நோயின் பெயர், அது நாள்பட்டது, வலி முன்னறிவிப்பின்றி வரலாம், ஆய்வக வகுப்பில் உட்கார்ந்து செய்ய ஒரு முக்காலி வேண்டும், வலி வந்தால் பாதியில் நிறுத்திய சோதனையை வேறொரு நாளில் செய்ய அனுமதி வேண்டும் என்று விவரமாக எழுதித் தரும்படி கேள். அதை வகுப்பு ஆசிரியையிடம் தனியாகக் கொடு, அப்பாவையும் உடன் அழைத்துக்கொண்டு போ.