டிம் டங்கன் கூட ஆடினவங்கள்ல யாரு பெஸ்ட்? உங்க கேள்விகளுக்கு பதில்

முதல்ல புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வரி. டங்கன் அமெரிக்காவோட என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல 1997ல இருந்து 2016 வரைக்கும் 19 சீசன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமுக்கு மட்டும் தான் ஆடினாரு, எல்லா வருஷமும் கோச் கிரெக் பாப்போவிச் தான், சாம்பியன்ஷிப் 5 (1999, 2003, 2005, 2007, 2014). இவ்ளோ வருஷம் நிலைச்சு நின்னதுக்கு கூட ஆடினவங்களும் பெரிய காரணம், அதான் இந்த கேள்விகள்னா எனக்கு ரொம்ப இஷ்டம்.

கேள்வி: அண்ணா, ஒரே ஒரு பேரு சொல்லணும்னா?

பதில்: டேவிட் ராபின்சன். நிறைய பேரு மனு ஜினோபிலி இல்லன்னா டோனி பார்க்கர்னு சொல்வாங்க, ஆனா நான் மாத்திக்க மாட்டேன் தம்பி. டங்கன் வர்றதுக்கு முன்னாடி அந்த டீமே ராபின்சன் தான், 1994ல ஒரே மேட்ச்ல 71 பாயிண்ட், 1995ல எம்விபி (லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் அவார்டு). 1996-97ல அடிபட்டு 6 மேட்ச் தான் ஆடினாரு, டீம் 20 ஜெயிச்சு 62 தோத்துச்சு, அந்த மோசமான சீசனால தான் டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்கள டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிறது) முதல் பிக் கெடச்சு டங்கன் வந்தாரு. இப்ப யோசிச்சு பாருங்க, ரெண்டு பேருமே உயரம், ரெண்டு பேரோட ஆட்டமும் ரிங் பக்கத்துல தான், ஒருத்தர் தள்ளி நின்னா தான் இன்னொருத்தருக்கு இடம். முப்பது வயசு தாண்டின எம்விபி, காலேஜ்ல இருந்து வந்த பையனுக்காக தள்ளி நின்னாரு. அந்த சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொலராடோல இருக்க தன் வீட்டுக்கு கூப்பிட்டு சேர்ந்து பிராக்டிஸ் பண்ணாரு. அந்த வருஷமே 56 வெற்றி, அடுத்த வருஷம் கப்பு. 2003 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச் தான் ராபின்சனோட கடைசி மேட்ச், 13 பாயிண்ட் 17 ரீபவுண்ட் (தவறின ஷாட்ட புடிக்கிறது), டங்கன் 21 பாயிண்ட் 20 ரீபவுண்ட் 10 அசிஸ்ட் 8 பிளாக். அந்த மேட்ச்ச மட்டும் தேடி முழுசா பாருங்க.

கேள்வி: பார்க்கரா மனுவா? 2007 ஃபைனல்ஸ் எம்விபி பார்க்கர் தானே ப்ரோ

பதில்: ஆமா, கிளீவ்லேண்ட 4-0ன்னு அடிச்ச அந்த சீரிஸ்ல சராசரி 24.5 பாயிண்ட், அத யாரும் மறுக்க முடியாது. 2001ல 28வது பிக், 19 வயசுலயே ஸ்டார்டிங் பாயிண்ட் கார்டு (பந்த கொண்டு வந்து ஆட்டத்த நடத்துறவர்), 2003ல ஜேசன் கிட்ன்ற ஸ்டார் பாயிண்ட் கார்ட டீம் கொண்டு வர பாத்தப்பவும் மனசு உடையாம இருந்து அந்த இடத்த தன்னோடதா ஆக்கிக்கிட்டாரு. இருந்தாலும் என் ஓட்டு மனுவுக்கு தான். அர்ஜென்டினால பஹியா பிளாங்கான்ற ஊரு, 1999ல 57வது பிக், கிட்டத்தட்ட கடைசி. இத்தாலில போலோனியா டீமுக்கு ஆடி யூரோலீக் ஜெயிச்சுட்டு தான் 2002ல ஸ்பர்ஸ்க்கு வந்தாரு. வேற எந்த டீம்ல இருந்திருந்தாலும் மெயின் ஆளா இருந்திருப்பாரு, ஆனா டீமுக்கு பேலன்ஸ் வேணும்னு பாப்போவிச் பெஞ்ச்ல இருந்து இறக்கினப்ப ஏத்துக்கிட்டாரு, 2008ல பெஞ்ச்ல இருந்து வர்றவங்கள்ல சிறந்தவருக்கான சிக்ஸ்த் மேன் அவார்டும் வாங்கினாரு. எதிர் டீம் டங்கன ரெண்டு பேர் வச்சு அடைச்சா ஆட்டத்த திறந்து விடறது மனு தான், அதுவும் யாரும் எதிர்பார்க்காத பாஸ்ல. டங்கன், பார்க்கர், மனு மூணு பேரும் சேர்ந்து ஆடி ஜெயிச்சது ரெகுலர் சீசன்ல 575, பிளேஆஃப்ல 126.

கேள்வி: ப்ரூஸ் போவன் அழுக்கு ஆட்டம் ஆடுறவர்னு சொல்றாங்களே?

பதில்: ஷூட் பண்ணிட்டு இறங்குறவங்க கால் கீழ தன் கால வைக்கிறாருன்ற புகார் அப்பவே இருந்துச்சு, எனக்கும் அது புடிக்காது. ஆனா டிராஃப்ட்லயே எடுக்காத ஆளு, பிரான்ஸ் வரைக்கும் போய் ஆடிட்டு வந்தவரு, தொடர்ந்து 8 வருஷம் ஆல் டிஃபென்சிவ் டீம் (லீக்கோட சிறந்த டிஃபென்டர்கள் லிஸ்ட்). கோபி பிரையன்ட புடி, நோவிட்ஸ்கிய புடின்னு எதிர் டீம் ஸ்டார்கள தடுக்கிற தினமும் கஷ்டமான வேலைய அவர்கிட்ட தான் குடுப்பாங்க. 2002-03ல மூணு பாயிண்ட் சதவீதத்துல லீக்லயே முதல் இடம், 44.1, அதே சீசன்ல ஃப்ரீ த்ரோ 40.4 தான்! கார்னர்ல ஒரே இடத்துல நின்னு அந்த ஒரு ஷாட்ட மட்டும் அவ்ளோ பழகி வச்சிருந்தாரு, டங்கன் உள்ள இருந்து பந்த வெளிய போட்டா அங்க ஆளு ரெடி.

கேள்வி: ராபர்ட் ஹாரி?

பதில்: 2005 ஃபைனல்ஸ், டெட்ராய்டுக்கு எதிரா அஞ்சாவது மேட்ச். 21 பாயிண்ட், எல்லாமே செகண்ட் ஹாஃப்லயும் ஓவர்டைம்லயும் தான், 5.8 செகண்ட் இருக்கப்ப மேட்ச்ச ஜெயிக்க வச்ச த்ரீ (மூணு பாயிண்ட் ஷாட்). டங்கனுக்கு அன்னிக்கு நிறைய ஃப்ரீ த்ரோ தவறிச்சு, ஹாரி இல்லன்னா அந்த கப்பே இல்ல.

கேள்வி: 1999 டீம்ல யாரையும் சொல்லலயே, நான் அப்ப இருந்து பாக்குறவன்

பதில்: மன்னிக்கணும் சார், சொல்லியே ஆகணும். கப்ப முடிவு பண்ண ஷாட் டங்கனோடது இல்ல, ஏவரி ஜான்சனோடது, ஃபைனல்ஸ்ல நியூயார்க்க அவங்க ஊர்லயே 78-77ன்னு ஜெயிச்ச மேட்ச். அதுக்கு முன்னாடி போர்ட்லேண்டுக்கு எதிரா ஷான் எலியட் கோடு ஓரத்துல குதிகாலத் தூக்கிக்கிட்டே போட்ட த்ரீ, அத இப்ப பாத்தாலும் எனக்கு புல்லரிக்கும். கிட்னி கெட்டுப்போன உடம்போட தான் அவரு அந்த சீசன் முழுக்க ஆடினாரு. அந்த கோடைல அண்ணன் கிட்னி குடுத்தாரு, 2000 மார்ச்ல திரும்ப கோர்ட்டுக்கே வந்துட்டாரு.

கேள்வி: கவாய் லெனார்ட் லிஸ்ட்ல உண்டா இல்லையா

பதில்: உண்டு. திறமைய மட்டும் பாத்தா ரொம்ப மேல. ஜார்ஜ் ஹில்ல குடுத்து வாங்கின பையன், 2014 ஃபைனல்ஸ் எம்விபி ஆகுறப்ப வயசு 22. டங்கன் கூட அஞ்சு சீசன் தான், அதனால எனக்கு நாலாவது. அந்த 2014 டீம்ல போரிஸ் டியாவையும் மறக்காதீங்க, ஃபைனல்ஸ் மூணாவது மேட்ச்ல அவர ஸ்டார்ட் பண்ண வச்ச பிறகு எதிர் டீம் மியாமியால பந்து எங்க போகுதுன்னே புடிக்க முடியல.

கேள்வி: டங்கனும் மனுவும் எதிர் எதிரா ஆடிருக்காங்களா அண்ணா?

பதில்: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் செமிஃபைனல். அர்ஜென்டினா 89, அமெரிக்கா 81, மனு மட்டும் 29 பாயிண்ட். அர்ஜென்டினாவுக்கு தங்கம், டங்கன் டீமுக்கு வெண்கலம். அடுத்த ஜூன்ல ரெண்டு பேரும் ஒரே ஜெர்சில டெட்ராய்ட ஏழு மேட்ச்ல ஜெயிச்சாங்க, ஃபைனல்ஸ் எம்விபி டங்கனுக்கு போச்சு. அன்னிக்கு அத மனுவுக்கு குடுத்திருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.