வெஸ்ட்வூட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சைபர் கஃபேயில் ரெட் அலர்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடி வளர்ந்தவன் நான். அதைச் செய்த வெஸ்ட்வூட் நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் வாங்கி மூடிவிட்டதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நண்பர்களோ, "வியாபாரம் என்றால் அப்படித்தான்" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். பேருந்து ஏறி டவுனுக்கு வந்து, மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்து ஆடியிருக்கிறேன். ஒரு சின்ன திருத்தம். ரெட் அலர்ட் 2 (2000) வெஸ்ட்வூட்டின் லாஸ் வேகஸ் தலைமையகத்தில் உருவானதல்ல. கலிபோர்னியாவின் இர்வைனில் இருந்த வெஸ்ட்வூட் பசிபிக் செய்தது.

லாஸ் வேகஸ்காரர்களின் பெருமை வேறு. பிரெட் ஸ்பெர்ரியும் லூயிஸ் காஸலும் 1985இல் தொடங்கிய நிறுவனம் அது. 1992இல் அவர்கள் செய்த டூன் 2 ஆட்டத்தில்தான் அறுவடை வண்டியை அனுப்பிக் காசு சேர்ப்பது, கட்டடம் எழுப்புவது, படை திரட்டுவது என்று நாம் ஆடிய வடிவமே உருப்பெற்றது. 1995இல் கமாண்ட் அண்ட் காங்கர் அதை உலகமெங்கும் கொண்டுபோனது.

1998இல் இர்வைன் ஸ்டுடியோவையும் சேர்த்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு 12.25 கோடி டாலருக்கு விற்பனை. அப்புறம் 2002இல் வந்த ரெனகேட், எர்த் அண்ட் பியாண்ட் ஆட்டங்கள் இரண்டும் எதிர்பார்த்த அளவு போகவில்லை. 2003 மார்ச்சில் மூடினார்கள். சிலர் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறிப் போனார்கள். சிலர் போக மறுத்து, லாஸ் வேகஸிலேயே பெட்ரோகிளிஃப் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார்கள்.

வியாபாரம்தான், சரி. எங்கள் தோட்டம் கைமாறியபோதும் இதையேதான் சொன்னார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பெயர்ப்பலகை மட்டும் அப்படியே நின்றது. லயத்து ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு யார் பந்தல் போடுவார், யார் அடுப்பைப் பார்த்துக்கொள்வார் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே நடந்த இடம் அது. இப்போது திருவிழாவுக்குப் போனால் பந்தலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் செய்தவர்களிடமும் அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கும். அதை விற்பனைப் பத்திரத்தில் எழுதி வாங்க முடியாது தம்பி. உங்கள் வருத்தம் அதற்கானது என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

2020இல் பழைய கமாண்ட் அண்ட் காங்கர் புதுப்பிக்கப்பட்டு வந்தது. பெயரின் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம்; வேலையைச் செய்தது பெட்ரோகிளிஃப். இசைக்கு, பழைய ஆட்டத்துக்கு இசையமைத்த அதே ஃபிராங்க் கிளெபாக்கி. முதல் பாட்டு தொடங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்களும் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்