மண்ணைத் தொட்டுப் பார்த்து விதையுங்கள்: பொதுத் தோட்டக் கேள்வி பதில்

பலர் ஆளுக்கொரு பாத்தி எடுத்துப் பயிரிடும் பொதுத் தோட்டத்தில் முதன்முறையாகப் பாத்தி எடுத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: விதைப் பாக்கெட்டில் போட்டிருந்த மாதத்தில்தான் வெண்டை விதைத்தேன். இரண்டு வாரமாகியும் முளைக்கவில்லை. விதை கெட்டுப்போனதா?

பதில்: விதையைச் சந்தேகிக்கும் முன் மண்ணைப் பாருங்கள். வெண்டைக்கு மண் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த ஈரமண்ணில் கிடந்தால் முளைக்கும் முன்பே அழுகிவிடும். பீன்ஸுக்கு 15 டிகிரி இருந்தால் சமாளித்துக்கொள்ளும். சாலட்டில் போடும் லெட்யூஸ் கீரை நேர் எதிர். மண் 30 டிகிரியை எட்டினால் அதன் பெரும்பாலான விதைகள் முளைக்காமல் உறங்கிவிடும். மண் வெப்பமானி ஒன்றைக் காலையில் 5 செ.மீ. ஆழத்தில் குத்தி நாலைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். பக்கத்துப் பாத்திக்காரர் விதைத்துவிட்டாரே என்று நானும் ஒருமுறை விதைத்தேன். அவர் பாத்தியில் நாள் முழுக்க வெயில், என்னுடையதில் மதியம்வரை மர நிழல். அவருக்கு முளைத்தது, எனக்கு முளைக்கவில்லை. ஒரே வேலிக்குள்ளேயே பருவம் இப்படி மாறும்.

கேள்வி: தக்காளி நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. உரம் போடட்டுமா?

பதில்: வேண்டாம். பகலில் 35, இரவில் 24 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) கொட்டினால் இலைதான் பெருகும். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள், வெப்பம் தணிந்ததும் மறுபடி காய் பிடிக்கும்.

கேள்வி: வாரக் கடைசியில்தான் வர முடிகிறது. தண்ணீரைத் தேங்கத் தேங்க விடுகிறேன். ஆனாலும் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுக்கிறது.

பதில்: அது நோயல்ல. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராத குறை. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். அதைச் சுமந்து போகும் தண்ணீர்தான் சீராக வருவதில்லை. ஒரு நாள் வெள்ளம், ஆறு நாள் வறட்சி என்றால் இப்படித்தான் ஆகும். வைக்கோலோ காய்ந்த இலையோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். அப்புறம், வாரநாளில் ஒருமுறை உங்கள் பாத்திக்குத் தண்ணீர் விட இன்னொருவரைக் கேளுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது நீங்கள் அவருடையதைப் பார்த்துக்கொள்ளலாம். பொதுத் தோட்டத்தின் பெரிய வசதியே இதுதான்.

கேள்வி: சின்னப் பாத்தியில் பயிர் சுழற்சி, அதாவது ஒரே இடத்தில் பயிரை மாற்றி மாற்றிப் போடுவது, முடியுமா?

பதில்: முடியும். உங்களுக்கு முன் அந்தப் பாத்தியை வைத்திருந்தவர் என்ன பயிரிட்டார் என்று முதலில் விசாரியுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மண்ணில் தங்கி அடுத்ததைப் பிடிக்கும். அந்த இடத்தில் பீன்ஸ், காராமணி போடுங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி, வேரில் இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அறுவடை முடிந்ததும் தண்டை மட்டும் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள்.

கேள்வி: முதலில் எதை வைத்துப் பழகலாம்?

பதில்: முள்ளங்கி. சின்ன வகைகள் 25 முதல் 30 நாளில் வந்துவிடும்.

கேள்வி: பூசணியில் பூ வருகிறது, பிஞ்சே இல்லை.

பதில்: முதலில் வருபவை ஆண் பூக்கள். சில நாள் பொறுங்கள். பூவுக்குக் கீழே குட்டிக் காய் போலப் புடைத்திருந்தால் அது பெண் பூ. தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால், விடிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிவிடும்.