டெவில்ட் எக்: கேள்வி பதில்

அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள்கருவை மயோனைஸோடு மசித்து, மறுபடி வெள்ளைக்கருக் குழியில் நிரப்புவதுதான் டெவில்ட் எக்.

பெரம்பூர்: அக்கா, உரிக்கும்போது வெள்ளைக்கரு ஓட்டோடயே பிய்ஞ்சு வருது. முட்டை சரியில்லையா?

முட்டை ரொம்பப் புதுசு, அதுதான் சிக்கல். புது முட்டையில் வெள்ளைக்கரு உள்சவ்வோடு இறுக ஒட்டியிருக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, வெள்ளைக்கருவில் காரத்தன்மை கூடும். அப்போது பிடிப்பு தளரும். வாங்கி ஃப்ரிட்ஜில் ஏழிலிருந்து பத்து நாள் வைத்த முட்டையை எடுங்கள். தண்ணீரில் போட்டால் படுத்துக் கிடப்பது புதுசு. அகன்ற முனை மேலே தூக்கினால் இதற்குத் தோதானது. மிதந்தால் வேண்டாம்.

அடுத்தது சூடு. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் வெள்ளைக்கரு மெதுவாக இறுகிச் சவ்வைப் பிடித்துக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே முழுச்சூடு பட வேண்டும். அதற்கு இட்லிப் பானையை விட நல்ல பாத்திரம் இல்லை. ஆவி நன்றாக வந்தபின் குழிக்கு ஒன்றாக முட்டையை வைத்து மூடி 12 நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததென்றால் 13. ஒரு தட்டு மட்டும் வையுங்கள், அடுக்கினால் மேல் தட்டு இடிக்கும். இறக்கியதும் ஐஸ் தண்ணீரில் 15 நிமிடம். மே மாதம் நம்மூர்க் குழாய்த் தண்ணீரே சுடும், அதை நம்பாதீர்கள்.

உரிக்கும்போது அகன்ற முனையைத் தட்டுங்கள். காற்றறை அங்கேதான் இருக்கிறது. சவ்வுக்கு அடியில் கட்டைவிரல் நுழைந்துவிட்டால், தண்ணீருக்குள் வைத்தே உரிக்க ஓடு பட்டையாகக் கழன்று வரும்.

தாம்பரம்: குக்கர்ல ரெண்டு விசில் விட்டேன். மஞ்சளைச் சுத்தி பச்சையா வளையம் வந்துடுச்சு. சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். வெள்ளைக்கருவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு, மஞ்சளில் உள்ள இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. ஆனால் மசித்தால் கலவை மங்கிப்போகும், வாடையும் வரும். குக்கரில் அழுத்தம் இறங்கும்வரை முட்டை வெந்துகொண்டே இருக்கும். இந்தப் பதார்த்தத்துக்கு அது வேண்டாம்.

மயிலாப்பூர்: மஞ்சள்கரு ஒரு ஓரமா ஒதுங்கிடுது, வெட்டினா சுவர் கிழியுது.

முந்தின இரவு முட்டைகளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மஞ்சள் ஓரளவு நடுவுக்கு வரும்.

வேளச்சேரி: சரியான அளவு சொல்லுங்கக்கா. எனக்கு ஒரு தடவை கெட்டியா, ஒரு தடவை கூழா வருது.

6 முட்டைக்கு, அதாவது 12 பாதிக்கு: மயோனைஸ் 3 மேசைக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், மயோனைஸில் ஏற்கெனவே இருக்கும்.

கூழாவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். மஞ்சள்கரு வெதுவெதுப்பாக இருக்கும்போது மயோனைஸ் சேர்த்தால் எண்ணெய் பிரியும். முழுக்க ஆறட்டும். கரண்டியால் மசிப்பதோடு நிறுத்தாமல், மாவுச் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். மணல் மாதிரி உதிரியாக விழும். அதில் முதலில் இரண்டு கரண்டி மயோனைஸ் மட்டும் கலந்து, மூன்றாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் ஒட்டி நிற்பது பதம். வெங்காயம் சேர்ப்பவர்கள் பரிமாறும்போது மேலே தூவுங்கள். உள்ளே கலந்தால் நீர் விடும்.

வெள்ளைக்கருக் குழியை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். அடியில் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்தால் தட்டில் உருளாது.

அண்ணா நகர்: மயோனைஸ் வீட்டிலேயே பச்சை முட்டையில அடிக்கலாமா?

வேண்டாம். சால்மோனெல்லா பயம் உண்டு. பச்சை முட்டை மயோனைஸ் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் கிருமி பயத்தால்தான். கடையில் கிடைக்கும் முட்டையில்லா மயோனைஸ் போதும், ஆனால் பல பிராண்டுகள் இனிக்கும். அப்போது வினிகரை அரை தேக்கரண்டி கூட்டுங்கள். அதுவும் பிடிக்காதவர்கள், துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, இளகின வெண்ணெய் 1 மேசைக்கரண்டி சேர்க்கலாம். சுவை வேறு, ஆனால் நன்றாகவே இருக்கும்.

திருவொற்றியூர்: கடுகு விழுது கடையில கிடைக்கல. நம்ம கடுகை அரைச்சா கசக்குது.

2 தேக்கரண்டி கடுகை நாலு மணிநேரம் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள். வெந்நீர் விட்டால் காரமே வராது. அரைத்ததும் 10 நிமிடம் விட்டுப் பிறகு வினிகர், உப்பு சேருங்கள். கசப்பு தணியும், காரம் நிலைக்கும். நம் கடுகு வெளிநாட்டு மஞ்சள் கடுகை விடக் காட்டமானது, அரை தேக்கரண்டி போதும்.

கே.கே. நகர்: சாயங்காலம் மொட்டை மாடியில பர்த்டே. காலையிலேயே செஞ்சு வைக்கலாமா?

செய்யலாம், நிரப்பி வைக்காதீர்கள். வெள்ளைக்கருப் பாதிகளை மூடிய டப்பாவிலும், கலவையை ஜிப் கவரிலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் முன் கவரின் மூலையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் பிழிந்தால் வேலை முடிந்தது. காஷ்மீரி மிளகாய்த்தூளை டீ வடிகட்டியில் கடைசியாகத் தூவுங்கள், முன்னாலேயே தூவினால் சாயம் இறங்கும். வெயில் காலத்தில் ஒரு மணிநேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஆகவே 12, 12 ஆகத் தட்டை மாற்றி மாற்றி மேலே அனுப்புங்கள், மீதி கீழே ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.